ஓடாத நந்தன்

எனக்கு ஓடாத நாடகங்களின்மேல்தான் பிரியம். பாட்டு நிறைந்த, விடிய விடிய நடக்கிற, வசூலில் படுத்துப்போன, விமர்சகர் கிண்டல் செய்து ஒதுக்கிய நாடகங்கள். தோழர்களிடம் சொன்னால் சிரிக்கிறார்கள். ‘சனங்க ஒதுக்கித் தள்ளுனத நீ ஏம்ப்பா தூக்கிக்கினு திரியற?’ என்கிறார்கள். சனங்கள் ஒதுக்கினார்கள் என்று யார் சொன்னது? எந்த சனம்? எந்தக் காட்சியில் எழுந்து போனார்கள்? எழுந்து போகும்போது வாய்க்குள் என்ன முணுமுணுத்தார்கள்? நம் நாடக வரலாறு எழுதிய பெரியவர்கள் டிக்கட் வசூலை எழுதியிருக்கிறார்கள், மெடல்களை எழுதியிருக்கிறார்கள். எழுந்து போனவர்களைப் பற்றி ஒரு வரி கிடையாது.

இதை நந்தன் கதையை வைத்துத்தான் பேச முடியும். தமிழ் மேடையில் நந்தனைப் போல் ஓடியவனும் கிடையாது, நந்தனைப் போல் விழுந்தவனும் கிடையாது.

முதலில் ஓடிய நந்தன். சேக்கிழாரிடம் இந்தக் கதை 37 பாட்டுதான். ஆதனூர்ப் புலைப்பாடியில் பிறந்தவன். கோயில்களுக்குப் பேரிகைத் தோலும் வாரும், யாழுக்கும் வீணைக்கும் நரம்பும், பூசைக்குக் கோரோசனையும் கொண்டுபோய்க் கொடுக்கிறான். திருப்புன்கூரில் நந்தி விலகுகிறது. அங்கே ஒரு குளம் வெட்டுகிறான். தில்லைக்கு நாளை போவேன், நாளை போவேன் என்று தள்ளிப்போட்டு ஒருநாள் போய்விடுகிறான். எல்லையிலேயே நின்றுவிடுகிறான். கனவில் இறைவன் உத்தரவு. தீட்சிதர்கள் தெற்கு மதில் வாசலுக்கு முன்னால் தீ வளர்க்கிறார்கள். உள்ளே இறங்குகிறவன் பூணூலும் சடைமுடியும் தரித்த முனிவனாய் எழுந்து கோயிலுக்குள் போகிறான். அப்புறம் யார் கண்ணிலும் படவில்லை. இவ்வளவுதான். பண்ணையார் கிடையாது. அவனை அடக்குகிற ஆண்டை கிடையாது.

அந்த ஆண்டையைக் கொண்டுவந்தவர் கோபாலகிருஷ்ண பாரதி. 1860களின் தொடக்கத்தில் அச்சேறிய ‘நந்தனார் சரித்திரக் கீர்த்தனை’யில் வேதியர் வருகிறார், 40 வேலி நிலத்தையும் பயிரேற்றி அறுத்துக் கொடுத்துவிட்டுப் போ என்கிறார், ஒரே ராத்திரியில் சிவகணங்கள் வேலையை முடிக்கின்றன, வேதியர் நந்தன் காலில் விழுகிறார். பண்ணையடிமை முறை தலைவிரித்தாடிய தஞ்சை மண்ணில், அதைக் கண்ணால் பார்த்த ஒரு பிராமணர் எழுதிய கதை. அதனால்தான் அதில் கூலியாளின் நாற்றங்காலும் இருக்கிறது, கூலியாளை மயக்கும் அபினும் இருக்கிறது. சாமி வந்து கதிர் அறுத்துக் கொடுத்துவிட்டால் அப்புறம் அடிமைத்தனத்தைப் பற்றிப் பேச என்ன இருக்கு?

இந்த நூலும் ஒரு தோல்வியோடுதான் தொடங்குகிறது என்பது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். சிறப்புப்பாயிரம் கேட்டு பாரதி மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் போகிறார். கீர்த்தனைகளில் இலக்கண வழுக்கள் மலிந்திருக்கின்றன என்று பிள்ளைக்கு மனசில்லை. இன்று போய் நாளை வா என்று பலமுறை திருப்பி அனுப்புகிறார். நாளைப்போவாரைப் பற்றி எழுதியவருக்கே நாளை வா! கடைசியில் ஒருநாள், பிள்ளை உள்ளே படுத்திருக்கும்போது திண்ணையில் உட்கார்ந்து பாரதி பாட, கேட்டு உருகிப்போய்ப் பாயிரம் கொடுத்தார் என்று உ.வே.சாமிநாதையர் எழுதி வைத்திருக்கிறார். காரைக்காலில் இருந்த சீசே என்ற பிரெஞ்சு அதிகாரி அச்சுப்போட உதவினார். இலக்கணத்தில் தோற்ற நூல் கதாகாலட்சேபத்தில் ஜெயித்தது, கம்பெனி நாடகத்தில் ஜெயித்தது, அக்கிரகாரத்தில் ஜெயித்தது. எம்.ஏ. தமிழ் வகுப்பில் இந்தத் திண்ணைக் கதையைக் கேட்டபோது எங்களில் பாதிப்பேர் நெகிழ்ந்துபோனோம். அந்தத் திண்ணையில் பாரதி உட்காரலாம், நந்தன் உட்கார முடியுமா என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தன் கேட்டான். வாத்தியார் பதில் சொல்லவில்லை. மணியடித்துவிட்டது.

இனி விழுந்த நந்தனுக்கு வருகிறேன்.

1933 டிசம்பரில் எஸ்.ஜி.கிட்டப்பா செத்துப்போகிறார். வயது 27. அவரோடு மேடையில் ஈடுகொடுத்துப் பாடிய கே.பி.சுந்தராம்பாளுக்கு 25 வயதுகூட நிறைந்து சில மாதங்கள்தான். கொடுமுடியில் வறுமையில் பிறந்து, ரயிலில் பாடிக் காசு கேட்ட சிறுமி. அங்கிருந்து வேலு நாயர் கம்பெனி, கொழும்பு மேடை, கிட்டப்பா. அவர் போனதும் வெள்ளைச் சேலை கட்டி ஒதுங்கிவிடுகிறார். 1934இல் அவர் மறுபடி மேடையேறியபோது எந்த வேடத்தில் ஏறினார் என்பதைக் கவனியுங்கள். வள்ளியாக இல்லை. நந்தனாக.

கைம்பெண் என்று ஊர் முத்திரை குத்திய ஒரு பெண் (கிட்டப்பா குடும்பம் அந்த உறவை எவ்வளவு ஏற்றுக்கொண்டது என்பது தனிக்கதை) மங்கல மேடைக்குத் திரும்ப நந்தனின் உடம்பைத் தேடிப்போகிறார். மொட்டைமாடியில் பூத்த ஆன்மிகம் என்று இதைச் சொல்லிவிட்டுப் போக என்னால் முடியவில்லை. வாசலுக்கு வெளியே நிற்பது எப்படி இருக்கும் என்று அந்த அம்மாளுக்குத் தெரிந்திருந்தது என்றே நினைக்கிறேன். இது என் வாசிப்பு, ஒத்துக்கொள்ளாதவர்கள் எழுதட்டும்.

1934 என்ற வருஷத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். காந்தி அரிசன யாத்திரையில் தமிழ்நாடு முழுக்கச் சுற்றி வந்த ஆண்டு. நந்தனை அவர் சத்தியாக்கிரகிக்கு முன்மாதிரியாகவே காட்டிவந்தார்: யாரையும் எதிர்க்காமல், தானே துன்பத்தை ஏற்று, கதவைத் திறக்க வைத்தவன். புதுமைப்பித்தன் ‘புதிய நந்தன்’ எழுதியதும் அதே 1934தான். காங்கிரஸ் மேடையில் ஒரு நந்தன், சிறுபத்திரிகையில் ஒரு நந்தன், நாடகக் கொட்டகையில் ஒரு நந்தன். நந்தனுக்கு அப்படி ஒரு கிராக்கி.

அந்தக் கிராக்கியைப் பார்த்துத்தான் அசன்தாஸ் என்ற வடநாட்டு வணிகர் நாடகத்தைப் படமாக்க வந்தார். சுந்தராம்பாளுக்கு இஷ்டமில்லை. தட்டிக்கழிக்க ஒரு லட்ச ரூபாய் கேட்டார் என்றும் அவர் சரி என்று சொல்லிவிட்டார் என்றும் சொல்வார்கள். அன்றைக்கு இந்திய சினிமாவில் யாரும் கேள்விப்படாத தொகை. ‘பக்த நந்தனார்’ 1935இல் வெளிவந்தது. இயக்கியவர் மாணிக்லால் டாண்டன். சுந்தராம்பாள் நந்தன், வேதியர், கர்நாடக இசையின் பெரும் வித்துவான் மகாராஜபுரம் விசுவநாதையர். நாற்பதுக்கு மேல் பாட்டுகள், அவற்றில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக அந்த அம்மாள் பாடியவை.

படம் எதிர்பார்த்தபடி போகவில்லை. ‘ஆனந்த விகட’னில் கல்கி எழுதிய விமர்சனம் இன்றுவரை மேற்கோளாகிறது. படத்தில் மரங்களும் எருமைக்கடாவும்தான் நன்றாக நடித்திருக்கின்றன என்ற பாணியில் கேலி. கல்கிமேல் எனக்குப் பெரிய கோபம் இல்லை. தமிழிசைக்காக நின்றவர், சினிமா சினிமாவாக இருக்க வேண்டும் என்று கேட்டவர். அந்தப் படம் சினிமாவாக இல்லை என்பது உண்மையாகவே இருக்கலாம். ஏன் இல்லை என்பதுதான் என் அக்கறை.

மேடைப் பாட்டு எப்படி நடக்கிறது என்று தெரிந்தவர்களுக்கு இது புரியும். ஸ்பெஷல் நாடகத்தில் நடிகை படுதாவுக்குப் பின்னாலிருந்தே பாட ஆரம்பித்துவிடுவார். குரல் முன்னால் வரும், ஆள் பின்னால் வருவார். ஆர்மோனியக்காரர் பிடித்துக்கொடுத்த சுருதியில் விருத்தம் ஏறும். எவ்வளவு நேரம் ஏறும் என்பதைக் கொட்டகை தீர்மானிக்கும். தரை டிக்கட்டிலிருந்து ‘ஒன்ஸ்மோர்’ என்று ஒரு குரல் வந்தால் செத்துக் கிடக்கிற லோகிதாசன்கூட எழுந்து பாடிவிட்டு மறுபடி படுத்துக்கொள்வான். மைக் கிடையாது. கடைசி வரிசையில் இருக்கிறவன் காதுக்கு எட்டணும். அந்தக் கடைசி வரிசையில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை. பல ஊர்களில் கொட்டகைக்கு வெளியே, தட்டிக்கு அந்தப்பக்கம் நின்றும் கேட்டார்கள். சுந்தராம்பாளின் குரல் தட்டியைத் தாண்டும் குரல். நந்தனைப் பார்க்க முடியாதவர்கள் நந்தனைக் கேட்டார்கள்.

சினிமாவில் ஒன்ஸ்மோர் இல்லை. 1935இல் பின்னணிப் பாட்டும் இல்லை. நடிக்கிறவரே படப்பிடிப்பில் நின்று பாட வேண்டும், பக்கவாத்தியக்காரர்கள் காமிரா கண்ணில் படாமல் ஒளிந்து வாசிக்க வேண்டும். பாடுகிறவர் அசைந்தால் ஒலி போய்விடும். அதனால் நின்ற இடத்தில் நின்றே பாடினார்கள். கொட்டகையில் இரண்டாயிரம் பேர் இழுத்து நீட்டிய பாட்டு, காமிரா முன்னால் யாரும் இழுக்காமல் தானாக நீண்டது. அங்கேதான் சலிப்பு. நடிப்பு வரவில்லை என்று கல்கி எழுதியது இந்த இடத்தைத்தான் என்று நினைக்கிறேன். அந்த அம்மாளுக்கு எதிரே இருக்க வேண்டிய கடைசி வரிசை அங்கே இல்லை.

இன்னொன்றும் இருக்கு. லட்ச ரூபாய்ப் பேச்சு. ரயிலில் பாடிப் பிழைத்த ஒரு பெண், பறையனாக வேஷம் கட்ட லட்ச ரூபாய் வாங்குகிறாள் என்பது பலருடைய தொண்டையில் முள்ளாகக் குத்தியிருக்கிறது. ஒரு வித்துவான் வாங்கியிருந்தால் சன்மானம் என்று சொல்லியிருப்பார்கள்.

‘பக்த நந்தனா’ரை நான் பார்த்ததில்லை, இன்று பார்க்க வழியும் இல்லை. பார்க்காத படத்தின்மேல் பிரியம் வைப்பது பைத்தியக்காரத்தனம் என்றால் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பெண் நந்தனாக நிற்க, உண்மையான ஒரு பிராமண வித்துவான் வேதியராக எதிரே நின்று பாட்டுக்குப் பாட்டு மோத வேண்டியிருந்த படம் அது. அப்படி ஒரு நிலைமையைத் தமிழ் சினிமா அதற்கப்புறம் உண்டாக்கவில்லை.

ஓடிய படம் 1942இல் வந்தது. ஜெமினி ‘நந்தனார்’, எம்.எம்.தண்டபாணி தேசிகர். அழகான குரல், அளவான பாட்டு, காமிராவும் கற்றுக்கொண்டுவிட்டது. நந்தன் ஆணாகிவிட்டான், கனிந்துவிட்டான், யாருக்கும் முள்ளாக இல்லை. இந்த வெற்றிக்கு ஒரு பின்குறிப்பு இருக்கிறது. 1946இல் திருவையாறு தியாகராஜ உற்சவத்தில் இதே தேசிகர் தமிழ்ப் பாட்டுப் பாடினார். மேடை தீட்டுப்பட்டுவிட்டதென்று சங்கதி கிளம்பியது. ‘குடி அரசு’ இதழில் இளைஞர் மு.கருணாநிதி ‘தீட்டாயிடுத்து’ என்றே தலைப்பிட்டு எழுதினார். திரையில் ஜோதியில் கலந்த நந்தன், நாலு வருஷம் கழித்துக் காவிரிக்கரை மேடையில் தீட்டானான். தேசிகர் சைவ ஓதுவார் மரபில் வந்தவர். அவருக்கே இந்தக் கதி.

அந்த மேடையில் வாசிக்கப்பட்ட மிருதங்கத்தின் தோல் யார் பதம் பண்ணியது? சேக்கிழார் நந்தனுக்குக் கொடுத்த முதல் வேலையே அதுதானே. நந்தன் நாடகங்கள் இத்தனை நடந்திருக்கின்றன. ஆடியவர்கள், பாடியவர்கள், எழுதியவர்கள் எல்லாம் வேற வேற சாதி. அத்தனை மேடையிலும் நம்மாள் கைபட்டது ஒன்று உண்டென்றால் மிருதங்கத் தோல்தான். டி.எம்.கிருஷ்ணா மிருதங்கம் செய்கிறவர்களைப் பற்றி எழுதிய புத்தகத்துக்கு 2020இல் கலாக்ஷேத்ரா வெளியீட்டு அரங்கம் கொடுத்துவிட்டுத் திரும்ப எடுத்துக்கொண்டது ஞாபகம் இருக்கும்.

இனி எங்க ஊர்.

காஞ்சிபுரத்தில் நாயன்மார்களுக்குக் குறைவில்லை. துணி வெளுத்த திருக்குறிப்புத்தொண்டர் எங்க ஊர். மழை விடாததால் சொன்னபடி துணியை உலர்த்தித் தர முடியவில்லையே என்று துவைக்கிற கல்லில் தலையை மோதப் போனவர். லிங்கத்தின்மேல் கல் எறிந்த சாக்கியர் காஞ்சிக்கு வந்து பௌத்தம் படித்தவர். இவர்கள்பேரில் பெயர்சொல்ல ஒரு நாடகம் நானறிய இந்தப் பக்கத்தில் நடக்கவில்லை. இங்கே நடப்பது கூத்து. கட்டை கட்டி, கிரீடமும் புஜகீர்த்தியும் மார்ப்பதக்கமும் தாங்கி, முகவீணையும் ஆர்மோனியமும் மிருதங்கமுமாக விடிய விடிய ஆடுகிற பாரதக் கூத்து. அதைத் தெருக்கூத்து என்று சொல்வது கேவலப்படுத்துவது, கட்டைக்கூத்து என்று சொல்லுங்கள் என்று பெ.ராஜகோபால் பல வருஷம் மல்லுக்கு நின்றார். 1990இல் சங்கம், 2002இல் புஞ்சரசந்தாங்கலில் குருகுலம், அதில் பெண்பிள்ளைகளும் கூத்துக் கற்றார்கள். 2020இல் குருகுலம் மூடப்பட்டது. நல்ல காரியங்களும் ஓடாத கணக்கில் சேருகின்றன.

கூத்துக்காரர்கள் பெரும்பாலும் கர்ணனையும் துரியோதனனையும் ஆடுகிறவர்கள். நந்தன் எங்கள் பக்கத்துக்கு ‘டிராமா’ வழியாகத்தான் வந்தான். எங்க சேரிக்கு அவனைக் கூட்டிவந்தவர் என் பெரியப்பா.

பெரியப்பா பட்டுத்தறிக்குப் போனவர். சின்ன வயசில் கோர்வைப் புடவைக்கு அந்தப்பக்கக் கரையில் உட்கார்ந்து நாடா தள்ளுகிற பையனாகப் போய், அப்புறம் குழியில் இறங்கிக் கூலிக்கு நெய்தவர். தறி ஓடுகிற தாளத்துக்கு வாய் சும்மா இருக்காது. ரேடியோவிலும் கல்யாண வீட்டு இசைத்தட்டிலும் கேட்ட நந்தன் பாட்டெல்லாம் அவருக்கு மனப்பாடம். நெய்த புடவை அம்மன் மேலேயே சாத்தப்படலாம், நெய்தவன் பானைத் தண்ணிகூடத் தொடக்கூடாது என்றிருந்த வீட்டில் உட்கார்ந்து, சிதம்பரம் போகணும் போகணும் என்று பாடிக்கொண்டிருந்திருக்கிறார். முதலாளிக்கு அந்தப் பாட்டு ரொம்பப் பிடிக்குமாம். அப்பா சொல்லியிருக்கிறார்.

வெண்மணி நடந்து மூணு நாலு வருஷம் ஆனபிறகு, பெரியப்பாவும் இன்னும் ஏழெட்டுப் பேரும் சேர்ந்து நந்தன் நாடகம் போட்டார்கள். நாடக வாத்தியார் ஒருவரை வைத்து மூன்று மாதம் ஒத்திகை. சீன், படுதா, உடை எல்லாம் வாடகை. முதலாளியிடம் நானூறு ரூபாய் முன்பணம். தறி முன்பணம் என்றால் என்னவென்று காஞ்சிபுரத்துப் பக்கம் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம். கடன் அடையும்வரை வேற தறிக்குப் போக முடியாது.

நந்தி விலகுகிற காட்சிவரைக்கும் நல்லா போச்சாம். ரெண்டு பையன்கள் நந்திக்குள்ளே உட்கார்ந்து நகர்ந்தபோது விசில் பறந்திருக்கிறது. வேதியராக நடித்தவர் பக்கத்துச் சேரிக்காரர், பூணூல் போட்டுக்கொண்டு அதட்டினபோது கூட்டம் விழுந்து விழுந்து சிரித்ததாம். அவர் சீரியசாகத்தான் பேசினார், இவங்க சிரிச்சாங்க என்று அப்பா சொல்வார். அது ஒரு நல்ல விமர்சனம் என்று எனக்குத் தோன்றும்.

அப்புறம் தீ. சிவப்புக் கண்ணாடித்தாள், பின்னால் பெட்ரோமாக்ஸ், சாம்பிராணிப் புகை. பெரியப்பா கையெடுத்துக் கும்பிட்டுப் பாடிக்கொண்டே இறங்கப் போகிறார். அப்போ ஒரு கிழவி எழுந்து நின்று சத்தமாகக் கேட்டிருக்கிறாள்: ‘ஏண்டா, கொளுத்திட்டுத்தான் உள்ள வுடுவானுங்களா?’

பாட்டு நின்றுபோயிற்று. யாரும் சிரிக்கவில்லை. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பெண்கள் எழுந்தார்கள். தட்டில் விழுந்த காசு ஆர்மோனியக்காரர் கூலிக்கே போதவில்லை. எங்க ஆயா அந்த ராத்திரியைப் பற்றிச் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்வாள்: எழுந்துபோன பெண்களில் பாதிப்பேர் பேப்பர் படிக்காதவர்கள், ஆனால் கீழவெண்மணி என்ற பேர் எல்லாருக்கும் தெரிஞ்சிருந்தது. 1968 டிசம்பர் 25. கூலி கேட்ட சனம். ஒரே குடிசைக்குள் 44 பேர். நந்தன் நடந்த அதே கீழத்தஞ்சை மண். கூலி கேட்டவர்களை நெருப்பில் போட்டதற்கப்புறம் சிவப்புக் கண்ணாடித்தாளைக் கொளுத்தி முக்தி காட்டினால் எந்தச் சேரி உட்கார்ந்து பார்க்கும்?

எங்கள் சனத்துக்குத் தீ தெரியாததல்ல. திரௌபதி அம்மன் கோயில் தீமிதி எல்லாரும் பார்த்ததுதான். பல ஊர்களில் அதிலும் நம்மை இறங்கவிடவில்லை, தூர நின்று பார்த்ததுதான். அங்கே இறங்கினவன் அடுத்த கரையில் காலோடு ஏறுவான், வீட்டுக்கு வந்து கஞ்சி குடிப்பான். நந்தன் ஏறி வருகிற கரை எதுவென்று யாருக்காவது தெரியுமா? சேக்கிழாரே, அப்புறம் அவனை யாரும் காணவில்லை என்றுதான் எழுதுகிறார். அதை பக்தியாகப் படிக்கலாம். ஆள் காணாமல்போன வழக்காகவும் படிக்கலாம்.

எழுத்தில் இதைப் பிறகு செய்தவர் இந்திரா பார்த்தசாரதி. வெண்மணியை வைத்துக் ‘குருதிப்புனல்’ நாவல் எழுதியவர் (அதற்கு 1977இல் சாகித்திய அகாதெமி பரிசு கிடைத்தது), 1978இல் ‘நந்தன் கதை’ நாடகம் எழுதினார். அதில் தீ அதிசயமில்லை, சதி. நல்ல நாடகம். ஆனால் அதிலும் நந்தன் ஏமாறுகிறவன்தான். கலைமேல் கொண்ட ஆசையால் ஏமாறுகிறான். எங்கள் கிழவி ஏமாறவில்லையே! அவளை எந்த நாடகத்திலும் பாத்திரமாக நான் இன்னும் பார்க்கவில்லை.

மேடைக்கு வராத நந்தன்களும் உண்டு. அயோத்திதாசப் பண்டிதர் ‘தமிழன்’ பத்திரிகையில் எழுதிய நந்தன் ஓர் அரசன், பௌத்தன். வேஷ பிராமணர்களின் சூழ்ச்சியில் மாண்டவன். பௌத்தக் காஞ்சியில் பிறந்த எங்களுக்கு அந்தக் கதை பக்கத்து வீட்டுக் கதை மாதிரி இருக்கிறது. ஆரணிப் பக்கத்தில் பிறந்த சுவாமி சகஜானந்தர், 1916இல் சிதம்பரத்தில் நந்தனார் பேரில் கல்விக்கழகம் தொடங்கினார். தீக்குழி இருந்த ஊரில் பள்ளிக்கூடம். டாக்டர் அம்பேத்கர் 1948இல் வெளியிட்ட, தீண்டப்படாதார் யார் என்று ஆராயும் நூலை நந்தனார், ரவிதாஸ், சோகாமேளர் மூவர் நினைவுக்குப் படைத்திருக்கிறார். அவர் நந்தனைத் தூக்கிப்போடவில்லை என்பதை, நந்தன் என்றாலே முகம் சுளிக்கிற நம் இளைஞர்கள் கவனிக்கணும். பாடத்தெரிந்த யாராவது இந்த நந்தன்களை வைத்து ஒரு இசைநாடகம் எழுதினால் நான் முதல் டிக்கட் வாங்குவேன். ஓடுமா என்று கேட்டால் ஓடாது என்றுதான் நினைக்கிறேன்.

பெரியப்பா விடவில்லை. அடுத்த வருஷம் மறுபடி நந்தன் போட்டார். இந்தத் தடவை தீ கிடையாது. திருப்புன்கூரில் நந்தி விலகினதும், உள்ளே இருக்கிற சாமியை வாசலில் நின்றே கண்ணாரப் பார்த்து, குளத்தை வெட்டி முடித்து, மங்களம். சிதம்பரமே போகவில்லை. அந்தக் காலத்தில், படிக்காத ஒரு நெசவுக்கூலி சேக்கிழாரையும் பாரதியையும் பாதியில் வெட்டியிருக்கிறார். கட்டுடைத்தல் என்றெல்லாம் நாம் பிறகு பேசினோம்.

அதுவும் ஓடவில்லை. மங்களம் பாடினதும் கூட்டம் எழுந்திருக்கவில்லை, உட்கார்ந்தே இருந்திருக்கிறது. ‘இன்னாப்பா, அவன் சிதம்பரம் போவலியா? ஜோதி எங்க?’ என்று சத்தம். போன வருஷம் தீயைப் பார்த்து எழுந்துபோன அதே ஆட்கள். அந்தக் கிழவியும் முன்வரிசையில்தான் உட்கார்ந்திருந்தாள், வாய் திறக்கவில்லை என்று ஆயா சொல்வாள். தீ வைக்கவும் கூடாது, போகாமல் இருக்கவும் கூடாது. உள்ளே போகணும், முழுசாப் போகணும். அப்படி ஒரு காட்சியைப் போட வாடகை சீன் எந்தக் கடையில் கிடைக்கும்?

நாடக வாத்தியார் பாக்கிக்கு ஆர்மோனியத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ரெண்டு நாடகக் கடனும் அடைய பெரியப்பா அதே தறியில் அஞ்சு வருஷம் உட்கார்ந்தார். அவர் பாடம் எழுதி வைத்த நோட்டு எங்க வீட்டில் இருக்கிறது. நீளவாட்டு நோட்டு, அட்டை போய்விட்டது. பாட்டுகளை நீல மையிலும் வசனத்தைப் பென்சிலிலும் எழுதியிருக்கிறார். திருப்புன்கூர்க் காட்சி முடிந்ததும் ‘சீன் 9 – தில்லை’ என்று தலைப்பு மட்டும். கீழே மூன்று பக்கம் வெற்று. அதற்கப்புறம் வேற கையெழுத்தில், எங்க பெரியம்மா எழுதினதாக இருக்கும், தறிக்கணக்கு: புடவை இவ்வளவு, கூலி இவ்வளவு, முன்பணத்தில் கழித்தது இவ்வளவு, பாக்கி இவ்வளவு.